மாற்று ஆதாரம் இல்லாதபோது

திசையன்விளை பஸ்ஸில் மடியிலேயே வைத்து
இரண்டு பாட்டில்களைக் கொண்டுவந்தார் மூக்காண்டி,
உடைநேரியில் தண்ணீர் திறந்துவிடுகிறவர்.
போன வாரம் குவார்ட்டர் பாட்டிலில் கொண்டுவந்ததைத்
திருப்பி அனுப்பியிருந்தேன்.
இந்தமுறை நான் கொடுத்த பாட்டில்தான்.
பெட்டி மட்டும் மீன்காரரிடம் இரவல்.
ஆய்வகம் முழுக்கச் சாளை வாசம்.

ஒன்று, மேலத்தெருக் கிணறு.
இரண்டு, கீழத்தெருப் போர்.

‘ஒண்ணாம் நம்பர் பதனி கணக்கா இருக்கும்னு
சொல்லுதாவ’ என்றார்.
சொல்லுதாவ.
பாட்டிலை அவர்களே நிரப்பி
படியில் வைத்துவிட்டு விலகி நின்றார்களாம்.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
பதினோரு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்பதை
குறிப்புப் பகுதியில் எழுதிக்கொண்டேன்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
ஒன்று, கண்ணாடி.
இரண்டு, அரிசி களைந்த மூன்றாம் தண்ணீர்.
நாக்கை இங்கே சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை.
அதிலும் என் நாக்கு வண்ணார்பேட்டையில்
ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தது.
அதற்குத் தலைக்கனம் உண்டு.

ப்யூரெட்டைத் திறந்தேன்.
ஒன்றாம் எண் சீக்கிரமே
சிவப்பிலிருந்து நீலத்துக்குத் திரும்பியது.
இரண்டாம் எண் திரும்பவே இல்லை,
சொட்டுச் சொட்டாக விட்டுக் கை மரத்து
மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது.
‘எங்க தண்ணில பருப்பு வேகாதும்மா’ என்றார்,
தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதைப்போல.

பிறகு குப்பிகளை
முப்பத்தேழு டிகிரியில் மூடி வைத்தேன்.
ஓர் உடம்பின் சூடு அது.
கிருமிகளை ஏமாற்ற
நாங்கள் கட்டிவைத்திருக்கும் பொய் வயிறு.

காலையில் திறந்தால்
ஒன்றாம் எண் கறுப்பு.
தோசைக்கல்லின் அடிப்பக்கக் கறுப்பு.
இரண்டாம் எண் வைத்த நிறத்திலேயே இருந்தது.
என் கையை நம்பாமல் மறுபடி வைத்தேன்.
மறுநாளும் கறுப்பு.
நைட்ரேட் அறுபத்தொன்று; நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது.
கிணற்றுக்கும் கழிவுத் தொட்டிக்கும் எவ்வளவு தூரம்
என்று போனில் கேட்டேன்.
‘நான் அந்தப் பக்கம் போனதில்ல,
கேட்டுச் சொல்லுதேன்.’

படிவத்தில் அளவுகளுக்கு இரண்டு கட்டங்கள்.
ஏற்கத்தக்கது, உப்பு ஐந்நூறு.
மாற்று ஆதாரம் இல்லாதபோது
அனுமதிக்கத்தக்கது, இரண்டாயிரம்.
கீழத்தெரு, ஆயிரத்து எழுநூற்று அறுபது.
பத்து வருடமாக நிரப்புகிற கட்டம்தான்.
அன்று பேனா அந்த வரியிலேயே நின்றது.
மாற்று ஆதாரம் இல்லாதபோது.
இல்லாததா,
ஒரு தெரு தள்ளி இருந்ததா?

எழுதினேன்.
ஒன்று, குடிக்க உகந்ததல்ல.
இரண்டு, குடிக்கலாம்.

வாங்க வந்தவர் இரண்டு தாளையும்
எழுத்துக் கூட்டிப் படித்தார்.
‘அப்போ அவியள
எங்க போர்ல வந்து பிடிக்கச் சொல்லணுமா?’
சிரிப்பு பல்வரைக்கும் வந்துவிட்டது.
துண்டால் வாயைப் பொத்தினார்.
‘பிள்ளையளுக்குச் சொகமில்லாம கெடக்கு’ என்று
தனக்கே சொல்லிக்கொண்டார்.
ப்ளீச்சிங் பவுடர் எத்தனை கிலோ,
கொதிக்கவைத்தால் போதுமா என்று
ஒவ்வொன்றாகக் கேட்டார்.
போதாது, நைட்ரேட் கொதித்தால் போகாது என்றேன்.
பால்குடிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டாம்.

‘நான் சொன்னா நம்பமாட்டாவ.
சீல் பெரிசா வச்சுத் தாங்க.’
மை காய்ந்திருந்தது. இரண்டுதரம் குத்தினேன்.
த. ஜெபசீலி, இளநிலை வேதியியலர்
என்பதன்மேல் கோணலாக விழுந்தது.

கிளம்பாமல் நின்றார்.
மேசையில் ஒன்றாம் எண் பாட்டிலில்
கால்வாசி மிச்சமிருந்தது. அப்போதும் கண்ணாடிதான்.
‘நெசமாவே இனிச்சுக் கெடக்குமோம்மா?’

எடுத்துத் தொட்டியில் ஊற்றினேன்.
சுழி போட்டு அது இறங்கி முடியும்வரை
பார்த்துக்கொண்டிருந்தார்.